கொமாந்தானுடன் மூன்று சுற்று

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி என்றால் மூன்று மணிதான். பன்னிரண்டு வாரமாக ஒரு நிமிடம் தப்பியதில்லை. பதிமூன்றாவது வாரம் மூன்றடிக்க இருபது நிமிடம் இருக்கும்போதுதான் கேசட்டே வீட்டுக்குள் வந்தது.

முதலில் அந்தப் படத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஜப்பான்காரர்கள் எடுத்த சண்டைக் கார்ட்டூன். படமாவதற்கு முன்னால் அது வீடியோ கேமாக இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று அடித்துக்கொள்வார்கள், தலைக்கு மேலே ஆளுக்கொரு கோடு இருக்கும், அடி விழ விழக் கோடு குறையும். அவ்வளவுதான் கேம். அது நன்றாக ஓடியதும் அதே ஆட்களுக்கு அப்பா, அம்மா, ஊர், பகை எல்லாம் சேர்த்துப் பதிமூன்று பாகமாகக் கதை பண்ணிவிட்டார்கள். அதைப் பிரான்சில் பிரெஞ்சு பேசவைத்து டீவியில் போட்டபோது, லியோன் பக்கம் இருக்கிற க்ளெமான்ஸ் வீட்டுப் பிள்ளைகள் பதிவு செய்து வைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்த பிறகு கேசட்டுகள் ஒவ்வொன்றாகப் பாண்டிச்சேரிக்கு, க்ளெமான்ஸின் அக்கா ஜொசியான் வீட்டுக்கு வந்தன. 2003-ஆம் வருடம் கோடையில் இது நடந்தது.

அந்த ஊர்க் கேசட்டை நம் ஊர் டெக்கில் போட்டால் படம் ஓடும், கலர் வராது. பிரான்சில் சொந்தக்காரர் உள்ள வீடுகளில் இது எல்லாருக்கும் பழகிப்போன விஷயம். அங்கே நடந்த கல்யாணம், ஞானஸ்நானம் எதுவானாலும் இங்கே கறுப்பு வெள்ளைதான்.

நான் ஜொசியான் அக்கா வீட்டு மாடி அறையில் குடியிருந்தேன். சொந்த ஊர் பாகூர். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற வேலை. சனிக்கிழமை மாலை அக்கா படத்தை நிறுத்தி நிறுத்திப் பிரெஞ்சைச் சொல்ல, நான் அதைத் தமிழில் எழுதிக்கொள்வேன். டெக்கில் ஓடும் எண்ணைப் பக்கத்தில் குறித்து, எந்த எண்ணில் யார் எதைப் பேசவேண்டும் என்று கோடு போட்டு வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை டீவியில் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அந்தத் தாளைப் பார்த்து மைக்கில் பேசுவது துர்கா.

துர்கா குருசுக்குப்பம் தனக்கொடியம்மாளின் மகள். இறால் கம்பெனியில் உரிக்கிற வேலை. ஒருநாள் அம்மாவுக்குப் பதிலாக மீன் கொடுக்க வந்தவள், கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த படத்தைக் கூடையை இறக்காமலே பத்து நிமிடம் பார்த்தாள். பிறகு வாயசைவுக்குத் தகுந்தபடி அவளாகவே பேச ஆரம்பித்துவிட்டாள். பிரெஞ்சில் ஒரு சொல் தெரியாது. ஆனால் அந்தக் கதாநாயகி அதைத்தான் பேசியிருப்பாள் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியது. மறு வாரமே முற்றத்தில் பாய் விரித்தோம். ராஜாங்கம் என்கிற ரேடியோசெட்காரர் மைக்கும் ஸ்பீக்கர் பெட்டியும் கொடுத்தார். பன்னிரண்டாவது வாரம் எண்பது பேர்.

கதாநாயகியின் பெயர் மியூரா. ஜனங்கள் அவளை மயூரி ஆக்கிவிட்டார்கள். வில்லனுக்குப் பெயரே கிடையாது, படம் முழுக்க 'லெ கொமாந்தான்', அதாவது படைத்தலைவன், என்பார்கள். அந்தச் சொல் இந்த ஊருக்குப் புதிதல்ல என்பதால் அப்படியே விட்டோம்.

இந்த மாதிரிப் படங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடிக்கிறவர் அடிக்கு முன்னால் அடியின் பெயரைச் சொல்லிக் கத்தவேண்டும். நான் முதல் வாரம், 'சீறும் நாகத்தின் மூன்றாம் முஷ்டி' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இன்னாண்ணே இது? இதைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எதிராளி வீட்டுக்குப் போயிட்டு வந்துடுவான்" என்றாள் துர்கா. அவளே பெயர் வைத்தாள். வரிசையாகக் குத்துவது வாடை. குனிந்து காலை வாருவது கொண்டல். எகிறி மேலேயிருந்து உதைப்பது கச்சான். எல்லாம் கடல்காற்றின் பெயர்கள். அடுத்த வாரமே தெருப்பிள்ளைகள் கச்சான் என்று கத்திக்கொண்டு மதிலிலிருந்து குதித்தார்கள்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பெயரைக் கத்திய பிறகு அடி உடனே விழாது. மேகம் ஓடும், கண்ணை மட்டும் காட்டுவார்கள், தலைமுடி பறக்கும். ஒரு நிமிடம்கூடப் போகும். அங்கே பிரெஞ்சில் வசனமே இல்லை. என் தாளில் வெறும் கோடு. அந்த இடத்தைத் துர்கா தன் சொந்தச் சரக்கால் நிரப்புவாள். "ஏன்டா கொமாந்தான், உன் கோட்டுக்குப் பித்தான் தைக்கவே ஒரு மாசம் ஆவுமே, சண்டைக்கு எப்படா வருவே?" என்பாள். முற்றம் குலுங்கும். படத்தைவிட அதற்காகவே வந்தவர்கள் பாதிப் பேர்.

அந்தச் சொந்தச் சரக்குதான் வம்பை இழுத்துவிட்டது. பன்னிரண்டாம் பாகம் மயூரி தரையில் கிடக்க, அவள் கழுத்தில் கொமாந்தான் பூட்ஸ் காலை வைப்பதோடு முடிந்தது. தாளில் வசனம் இல்லை. துர்கா மைக்கை எடுத்து, "அடுத்த ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு நான் எழுந்திரிப்பேன். எழுந்திரிச்சி இவனைச் சாய்ப்பேன். குருசுக்குப்பத்து மேல ஆணை" என்று சொல்லிவிட்டாள். எண்பது பேரும் எழுந்து கை தட்டினார்கள்.

ஆனால் கடைசிப் பாகத்தை நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

"ஜப்பான்காரன் அவளைச் சாகடிச்சிருந்தா இன்னா பண்ணுவே?" என்று அன்றைக்கே கேட்டான் வெற்றிச்செல்வன். முத்தியால்பேட்டையில் வீடியோ கேம் கடை வைத்திருப்பவன். துர்காவும் அவனும் எட்டாவது வரை ஒரே வகுப்பு. ஒவ்வொரு வாரமும் கடைசியாக வந்து தூணில் சாய்ந்துகொண்டு, கேமில் இப்படி இல்லை, அப்படி இல்லை என்று குறை சொல்வான். ஆனால் ஒரு வாரமும் வராமல் இருந்ததில்லை.

"எங்க கடையில இதுவரைக்கும் மயூரியை வச்சி கொமாந்தானை ஜெயிச்சவன் ஒருத்தன் கிடையாது. உன்னையும் சேத்துத்தான்" என்றான்.

அது நிஜம். துர்கா வேலை முடிந்து வரும்போது அவன் கடையின் பழைய கறுப்பு வெள்ளை டீவிகள் முன்னால் நின்று, ஆடுகிற பையன்களின் சண்டைக்குக் குரல் கொடுப்பாள். அதற்குக் கூலியாக ஒரு ஆட்டம் ஆட விடுவார்கள். மயூரியைத்தான் எடுப்பாள், கொமாந்தானிடம் வந்து தோற்பாள்.

"வாக்குக் குடுத்துட்டேன். மயூரி எழுந்திரிப்பா" என்றாள் துர்கா. வேறு பேச்சில்லை.

கடைசிக் கேசட்டைச் சென்னை விமானத்தில் மொரீஸ் என்கிற உறவுக்காரர் கையோடு கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமை வரவேண்டியவர் ஞாயிறு மதியம் இரண்டு நாற்பதுக்குக் காரிலிருந்து இறங்கினார். முற்றம் நிறைந்துவிட்டது. தாள் எழுத நேரமில்லை. அக்கா காதில் சொல்லச் சொல்லத் துர்கா பேசுவது என்று முடிவு செய்தோம். என் கையில் வெறும் பேனா இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

மூன்று மணிக்குப் படம் தொடங்கியது. பூட்ஸ் காலுக்கு அடியில் மயூரியின் விரல் ஒன்று அசைந்தது. முற்றத்தில் ஒரே விசில். துர்கா மூச்சை இழுத்து மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

படம் ஒரு துள்ளு துள்ளியது. டீவியில் ஒரு மாதா கோயில் தெரிந்தது. வெள்ளை கவுன் போட்ட சிறுமிகள் கையில் மெழுகுவத்தியோடு வரிசையாக வந்தார்கள். பின்னால் பாட்டு.

"மொன் தியே! கடவுளே!" என்றார் ஜொசியான் அக்கா. "இது எங்க நத்தாலி! க்ளெமான்ஸோட கடைசிப் பொண்ணு! புதுநன்மை வாங்குறா!"

பிள்ளைகள் முதல்முறை நற்கருணை வாங்குகிற சடங்கு அது. ஓட்டிப் பார்த்தோம். பூசை, விருந்து, கேக், மாமாக்களின் நடனம், கேசட் முடியும் வரை அதுதான். அக்கா பிரான்சுக்குப் போன் போட்டார். தங்கையின் குரல் எனக்கே கேட்டது.

"புதுநன்மை நல்லா தெரியுதா அக்கா? உனக்குக் காட்டணும்னுதான் அவசரமா எடுத்தோம். வேற கேசட் கிடைக்கலை. அந்தப் பொம்மைப் படம் ஓடினதுக்கு மேலேயே எடுத்துட்டோம். பொம்மைதானே?"

"பொம்மைதான்" என்றார் அக்கா, முற்றத்துப் பக்கம் பார்க்காமல். "நத்தாலி ரொம்ப அழகா இருக்கா." போனை வைத்தார்.

நான் போய் விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கி எல்லார் கண்ணும் துர்காவின் மேல் போய் நின்றது.

"ஏண்டி, மூணு மணிக்கு எழுந்திரிக்கிறேன்னு ஊர் மேல ஆணை வச்சியே. மணி மூணரை ஆவுது" என்றார் தனக்கொடியம்மாள். பெற்ற தாயே அப்படிக் கேட்டதும் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள்.

"போனது போவட்டும். கதையை வாயால சொல்லி முடிச்சிடும்மா" என்றார் அம்மாவாசை. கட்டுமரக்காரர், முன்வரிசையில் உட்கார்கிறவர்.

"வாயால சொன்னா அவ இஷ்டத்துக்கு ஜெயிச்சிக்குவா. அது கணக்குல சேராது" என்றான் தூணிலிருந்து வெற்றி.

துர்கா மைக்கைக் கீழே வைத்தாள். "சேராது. வாஸ்தவந்தான். டேய் வெற்றி, உன் கேம் பொட்டியை எடுத்தாடா."

"எதுக்கு?"

"இந்த டீவியிலயே மாட்டு. நான் மயூரி, நீ கொமாந்தான். மூணு சுத்து. இன்னா நடக்குதோ அதான் கதை."

அடுத்த கணம் நான்கு பேர் வெற்றியைத் தூக்காத குறையாக வாசலுக்குத் தள்ளினார்கள்.

அவன் சைக்கிளில் பெட்டியோடு திரும்பியபோது நான் வாசலிலேயே மறித்தேன். "தம்பி, இவ்வளவு ஜனம் ஆசையா உட்கார்ந்திருக்கு. கடைசிச் சுத்துல கொஞ்சம் பார்த்து..."

"விட்டுக் குடுக்கச் சொல்றீங்களா சார்?"

பின்னாலேயே துர்கா நின்றிருந்தாள். "அண்ணே, அவன் விட்டுக் குடுத்தான்னு வச்சிக்குங்க, இந்த மைக்கை நான் அப்புறம் தொட மாட்டேன். ஜனத்துக்கு நான் குடுத்தது வாக்கு. அதுல கலப்படம் பண்ணாதீங்க."

"கேட்டுக்கினீங்களா?" என்றான் வெற்றி. "நானும் விட மாட்டேன். என் கடை மானம் இருக்குது."

பெட்டியை மாட்டி, பொத்தான் வைத்த ரிமோட் ஒன்றை அவளிடம் கொடுத்து, இன்னொன்றைத் தான் வைத்துக்கொண்டான். திரை விழித்தது.

"கலரு!" என்று ஒரு குழந்தை கத்தியது.

பன்னிரண்டு வாரமாகக் கறுப்பு வெள்ளையில் பார்த்த மயூரி, குங்குமச் சிவப்பில் நின்றாள். பச்சைதான் போட்டிருக்கிறாள் என்று தெருவில் எல்லாரும் முடிவு செய்து வைத்திருந்தோம். அதைவிடப் பெரிய அதிர்ச்சி, கன்னங்கரேல் என்று நாங்கள் நடுங்கிய கொமாந்தானின் கோட்டு. அது ரோஸ் நிறம்.

"அடப் பாவி, ரோஸ் கலர் கோட்டா போட்டுக்கினு இவ்ளோ நாளு மிரட்டினே?" என்றார் தனக்கொடியம்மாள். ஐந்து நிமிடம் ஆட்டத்தைத் தொடங்கவே முடியவில்லை.

முதல் சுற்று சீக்கிரம் முடிந்துவிட்டது. துர்கா உதட்டைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் ஆடினாள். வெற்றியின் விரல்கள் அந்தப் பொத்தான்களிலேயே பிறந்தவை போல ஓடின. மயூரியின் கோடு கரைந்து, அவள் விழுந்தாள். முற்றத்தில் ஒரு குழந்தை நிஜமாகவே அழுதது.

"இன்னும் ஒண்ணு. அப்புறம் சங்கு" என்றான் வெற்றி.

"மயூரி பேசலை!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். "பேசாத மயூரி எங்க மயூரி இல்ல! பேசு மயூரி!"

அவளுக்கு இரண்டு கையும் ரிமோட்டில். நான் பேனாவைச் சட்டையில் செருகிவிட்டு, மைக்கை எடுத்து அவள் வாயருகே பிடித்தபடி தரையில் குந்தினேன்.

இரண்டாவது சுற்று. "வாடை!" என்று கத்திக் குத்தினாள். தடுத்தான். "கொண்டல்!" என்று கால் வாரினாள். குதித்துத் தப்பினான். நிலைமை மோசமாகிவிட்டது. தூணில் சாய்ந்து சாய்ந்து பன்னிரண்டு வாரமும் கேட்டவன் ஆயிற்றே. எந்தக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று எல்லாப் பெயரும் அவனுக்கு மனப்பாடம். அவள் வாயைத் திறந்ததும் அவன் கை தயாராகிவிடுகிறது. மயூரியின் கோட்டில் பாதி போய்விட்டது.

"பேரைச் சொல்லாத!" என்று காதில் சொன்னேன்.

"சொல்லாம அடிக்கிறது மயூரி இல்லண்ணே" என்று மைக்கிலேயே பதில் சொன்னாள். எண்பது பேரும் கேட்டார்கள்.

பிறகு, "கச்சான்!" என்று கத்தினாள். கொமாந்தான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தடுத்தான். உதை வரவில்லை. துர்காவுக்குப் பழக்கம் வந்துவிட்டது. கேசட்டில் மேகம் ஓடும் இடம் அல்லவா அது? கை அப்படியே நிற்க, வாய் மட்டும் ஓடியது.

"இன்னாடா கொமாந்தான், கையைத் தூக்கிக்கினே? துணி காயப் போடுறியா? ரோஸ் கலரு வெளுத்துடும்டா, நிழல்ல போடு..."

முற்றம் வெடித்தது. வெற்றி தூக்கிய கையோடு இரண்டு விநாடி காத்தான், மூன்று விநாடி காத்தான். அடி வரக்காணோம் என்று கையை இறக்கி முன்னால் பாய்ந்தான். அப்போது விழுந்தது கச்சான்.

துர்கா திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாள். எனக்கும் அந்தக் கணத்தில் புரிந்தது. கேமில் மேகம் கிடையாது. பெயர் சொன்னால் அடி உடனே வரும் என்று அவன் விரல் எதிர்பார்க்கிறது. அவளோ மூன்று மாதமாகப் பெயருக்கும் அடிக்கும் நடுவிலே குடியிருந்தவள். என் தாளில் நான் வெறும் கோடு போட்டு விட்ட இடமெல்லாம் அவளுடைய சொந்த வீடு.

இரண்டாவது சுற்றை மயிரிழையில் எடுத்தாள். அம்மாவாசை எழுந்து நின்றுவிட்டார். பின்னாலிருந்தவர்கள் உட்காரச் சொன்னதுகூட அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது சுற்றில் வெற்றி உஷாராகிவிட்டான். "உன் பேச்சை நான் நம்பலை" என்றான். "கொண்டல்!" என்றாள், அவன் அசையாமல் காத்தான், கொண்டல் உடனே வந்து காலை வாரியது. "வாடை!" என்றாள், அவன் அவசரமாகத் தடுத்தான், வாடை ஒரு பாட்டம் பேசிவிட்டு ஆற அமர வந்தது. பெயரில் ஒருமுறைகூட அவள் பொய் சொல்லவில்லை. சொன்னதைத்தான் அடித்தாள். எப்போது என்பதை மட்டும் தன் கையில் வைத்துக்கொண்டாள்.

ஆனால் அவனும் லேசுப்பட்டவன் அல்ல. மூலையில் தள்ளி நான்கு அடி சேர்ந்தாற்போல் கொடுத்தான். இரண்டு கோடும் நூலாகிவிட்டன. இனி யார் அடித்தாலும் ஒரே அடி.

"கச்சான்!" என்றாள் துர்கா.

கொமாந்தான் கையைத் தூக்கினான். அப்படியே நின்றான். இந்தத் தடவை வெற்றி இறக்குவதாக இல்லை. நெற்றியில் வியர்வை வழிந்தது. ஜொசியான் அக்கா என் தோளைப் பிடித்திருந்த பிடியில் நகம் இறங்கியது.

துர்காவின் குரல் தணிந்தது. "கொமாந்தான்... இந்தப் பன்னெண்டு வாரமா நான் உன்னை எவ்ளோ பேசியிருப்பேன். நீ ஒரு வார்த்தை திருப்பிப் பேசினது இல்ல. பயமா?"

"யாருக்குடி பயம்?" என்றான் வெற்றி. "உங்க தெருவுக்கே நான்தான்டி கொமாந்..."

அந்தச் சொல்லை அவன் முடிக்கவில்லை. வாய் போன பக்கம் விரலும் போய்விட்டது. சிவப்பு ஒன்று திரையின் உச்சிக்குப் போய் இறங்கியது. ரோஸ் கோட்டு மல்லாந்தது.

அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் என்ன நடந்தது என்று என்னால் வரிசையாகச் சொல்ல முடியாது. பாய்கள் பறந்தன. தனக்கொடியம்மாள் மகளைக் கட்டிக்கொண்டு, "எழுந்திரிச்சிட்டா! எம்மா, எழுந்திரிச்சிட்டா!" என்று யார் யாரிடமோ சொன்னார். மொரீஸ் பயணக் களைப்பெல்லாம் மறந்து, "பிராவோ! பிராவோ!" என்று நாற்காலிமேல் ஏறி நின்றார். பிள்ளைகள் துர்காவைச் சுற்றிக்கொண்டு மயூரி மயூரி என்று குதித்தார்கள். இறால் தோல் குத்திக் குத்தித் தழும்பேறிய அவள் விரல்களை ஒரு சின்னப் பெண் பிடித்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தது.

வெற்றி ரிமோட்டைக் கையில் வைத்தபடி திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தான்.

"எங்கடா போற?" என்றாள் துர்கா. "கதை இன்னும் முடியலை."

"அதான் ஜெயிச்சிட்டியே."

"கொமாந்தான் சாவறப்ப ரெண்டு வார்த்தை பேசணும்டா. பன்னெண்டு பாகத்துல யாரு பேசாம செத்தான்?" என்னிடமிருந்து மைக்கை வாங்கி அவனிடம் நீட்டினாள். "நானே பேசினா அது கணக்குல சேராது. நீதானே சொன்னே?"

அவன் வாங்கவில்லை. ஜனங்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். அம்மாவாசைகூட உட்கார்ந்துவிட்டார்.

வெற்றி மைக்கை வாங்கினான். தொண்டையைச் செருமினான். நெஞ்சைப் பிடித்தான்.

"ஆ..." என்றான். அவ்வளவு கனமான குரல் அவனுக்குள் இருந்தது எங்கள் யாருக்கும் தெரியாது. "மயூரி... நாப்பது நாட்டைப் புடிச்சேன். என்னை நிக்கவச்சி ஒரு வார்த்தை கேட்டவங்க கிடையாது. நீ கேட்டே. நான் பதில் சொன்னேன். செத்தேன்!"

தூணைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். பாதியில் எழுந்து, கடலைப் பார்த்து இன்னும் ஒரு வசனம் பேசினான். மறுபடி சரிந்தான். தன் ரோஸ் கோட்டை ஏழைகளுக்குக் கொடுக்கும்படி கேட்டுக்கொண்டான். முற்றம் கண்ணீர் வரச் சிரித்துக் கை தட்டக் கை தட்ட, கொமாந்தான் மேலும் மேலும் செத்துக்கொண்டே இருந்தான். ஆறாவது தடவை எழப் பார்த்தபோது துர்கா அவன் மார்பில் காலை வைத்து, "போதும்டா, படுடா!" என்றாள்.

படுத்தான்.